விளம்பரக் கணக்கின் சாவி வணிகரிடமே இருக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தீபாவளி, பொங்கல் விற்பனைக் காலம் நெருங்கும்போதெல்லாம், சிறுவணிகர்கள் இணையத்தில் விளம்பரம் செய்ய வேண்டும் என்று வலியுறுத்தும் கட்டுரைகள் தமிழ் நாளிதழ்களின் வணிகப் பக்கங்களில் தவறாமல் இடம்பெறுகின்றன. அறிவுரை சரியானதே. ஆனால், விளம்பரம் கொடுத்த பிறகு போட்ட பணத்துக்கு ஏற்ற வியாபாரம் வரவில்லை என்றால் என்ன செய்வது என்ற கேள்விக்கு அவற்றில் பெரும்பாலும் ஒரே விடைதான் கிடைக்கிறது: பட்ஜெட்டைக் கூட்டுங்கள். ஈரோடு, பவானி, சென்னிமலை வட்டாரத்து ஜவுளி வணிகர்கள் சிலருக்குக் கூகுள் விளம்பரக் கணக்குகளைப் பார்த்துக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில், அந்த விடை பல நேரங்களில் தவறு என்பதையும், ஒரு ரூபாய்கூடக் கூட்டுவதற்கு முன்னால் வணிகர் தம் கண்ணால் பார்த்தாக வேண்டியவை சில உள்ளன என்பதையும் தங்கள் நாளிதழ் வழியாகத் தெரிவிக்க விரும்புகிறேன்.

கூகுள் தேடலில் விளம்பர இடம் ஏலத்தில் கிடைக்கிறது என்பது பலருக்கும் தெரியும். அதிகத் தொகை சொன்னவருக்கே முதலிடம் என்ற ஏலம் அன்று அது என்பதுதான் அவ்வளவாகத் தெரிவதில்லை. 2000-ஆம் ஆண்டு அக்டோபரில் 350 விளம்பரதாரர்களுடன் ஆட்வேர்ட்ஸ் என்ற பெயரில் தொடங்கி, 2018-இல் கூகுள் ஆட்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட இந்த அமைப்பில், க்ளிக்குக்குக் கட்டணம் என்ற ஏலமுறை வந்த 2002 முதலே, நாம் சொல்லும் விலையோடு விளம்பரத்தின் பொருத்தமும் சேர்த்துத்தான் கணக்கிடப்படுகிறது. எந்தத் தேடலுக்கு விளம்பரம் வர வேண்டும் என்று நாம் குறித்துக் கொடுக்கும் சொல்லைக் கீவேர்டு என்பார்கள்; ஒவ்வொரு கீவேர்டுக்கும் 1 முதல் 10 வரை ஒரு தர மதிப்பெண் காட்டப்படுகிறது. விளம்பரத்தைப் பார்ப்பவர் அதைக் க்ளிக் செய்வதற்கான வாய்ப்பு, தேடியவரின் நோக்கத்துக்கும் விளம்பர வாசகத்துக்கும் உள்ள பொருத்தம், க்ளிக் செய்தபின் திறக்கும் பக்கத்தின் பயன் ஆகிய மூன்றும் அதில் அடங்கும். அந்த மதிப்பெண் நாம் பார்ப்பதற்கான ஒரு குறியீடு மட்டுமே என்றாலும், அதே அம்சங்கள் ஒவ்வொரு தேடலின்போதும் புதிதாகக் கணிக்கப்பட்டு ஏலத்தில் சேர்க்கப்படுகின்றன. ஆகவே, பொருத்தமில்லாத விளம்பரத்தை வைத்திருப்பவர் அதே இடத்துக்குப் பக்கத்துக் கடைக்காரரைவிடக் கூடுதலாகப் பணம் கட்டிக்கொண்டிருப்பார். பட்ஜெட்டைக் கூட்டினால் அந்தக் கூடுதல் விலையில் இன்னும் கொஞ்சம் வாங்குவார், அவ்வளவுதான்.

பவானியில் ஜமக்காளம் விற்கும் ஒரு வணிகரின் கணக்கை முதன்முதலில் திறந்து பார்த்தபோது, ஏற்கெனவே அதை நடத்திக்கொண்டிருந்த ஏஜென்சி சேர்த்திருந்த கீவேர்டுகள் இரண்டே இரண்டு: ஜமக்காளம், பவானி ஜமக்காளம். பார்வைக்குக் குறை ஒன்றும் இல்லை. ஆனால் கீவேர்டை மேற்கோள் குறியோ பகர அடைப்போ இல்லாமல் வெறுமனே எழுதினால் கூகுள் அதை பிராட் மேட்ச் என்று எடுத்துக்கொள்ளும். அதாவது, அந்தச் சொல்லோடு ஏதோ ஒரு வகையில் தொடர்புடையது என்று அது கருதும் எந்தத் தேடலுக்கும் விளம்பரத்தைக் காட்டும். கணக்குக்குள்ளே, மக்கள் உண்மையில் என்ன தட்டச்சு செய்து இந்த விளம்பரத்தைப் பார்த்தார்கள் என்று காட்டும் தேடல் சொற்கள் அறிக்கை ஒன்று உண்டு. அதைத் திறந்தால் ஜமக்காளம் துவைப்பது எப்படி என்று ஒருவர் கேட்டிருக்கிறார். கல்யாண மண்டபத்துக்கு ஜமக்காளம் வாடகைக்கு வேண்டும் என்று இன்னொருவர். ஈரோட்டிலிருந்து பவானிக்குப் பேருந்து நேரம், கூடுதுறைக் கோயிலில் நடை திறக்கும் நேரம், பவானிசாகர் அணையின் நீர்மட்டம் என்று பட்டியல் நீண்டுகொண்டே போயிற்று. ஜமக்காளத்தில் வடிகட்டிய பொய் என்ற வழக்குக்கு என்ன பொருள் என்று தேடிய யாரோ ஒரு மாணவருக்கும் அந்த விளம்பரம் போயிருந்தது. அவரும் ஆர்வத்தில் ஒரு தட்டு தட்டியிருந்தார், அதற்கும் பணம் கழிந்திருந்தது. இந்தக் கணக்கில் பட்ஜெட்டை இரண்டு மடங்காக்கினால் இன்னும் சில மாணவர்கள் வந்திருப்பார்கள்.

இதற்கு மருந்து எளிது; பொறுமை மட்டும் வேண்டும். வாரம் ஒருமுறை அந்த அறிக்கையைப் படித்து, வாங்க வராதவர்களின் சொற்களை, எந்தத் தேடலுக்கு விளம்பரம் வரக் கூடாது என்று குறிக்கும் நெகட்டிவ் கீவேர்டு பட்டியலில் சேர்க்க வேண்டும். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. நாம் சேர்க்கும் கீவேர்டுக்கு ஒத்த பொருளுடைய சொற்களைக் கூகுள் தானாகவே சேர்த்துக்கொள்ளும். நெகட்டிவ் கீவேர்டுக்கு அப்படிச் செய்யாது. வாடகை என்று தமிழில் தடுத்தால் ரென்ட் என்று ஆங்கிலத்தில் தேடுபவர் உள்ளே வந்துவிடுவார். தமிழ்ச் சொல்லை ஆங்கில எழுத்தில் அடித்துத் தேடுபவரும் வந்துவிடுவார். ஒவ்வொன்றையும் தனித்தனியாகத்தான் அடைக்க வேண்டும். இதில் கூகுள் மீதும் எனக்கு ஒரு குறை உண்டு. 2020 செப்டம்பரிலிருந்து, போதிய எண்ணிக்கையில் தேடப்படாத சொற்களை அந்த அறிக்கையில் காட்டுவதை அந்நிறுவனம் குறைத்துக்கொண்டது. தனியுரிமையே காரணம் என்று சொல்லப்பட்டாலும், செலவின் ஒரு பகுதி எந்தத் தேடலுக்குப் போனது என்பது பணம் கட்டுபவருக்கே தெரியாமல் போகிறது. தெரியும் பகுதியையாவது படிக்காமல் விடுவது நியாயமில்லை.

தமிழில் விளம்பரம் செய்வோருக்கு வேறு சில சிக்கல்களும் உள்ளன. தமிழ் மொழியில் விளம்பரம் எழுத 2018-இல் கூகுள் வழி திறந்துவிட்டபோதும், நம் வட்டாரக் கணக்குகளில் நான் பார்க்கும் விளம்பரங்களில் மிகப் பெரும்பாலானவை ஆங்கிலத்திலேயே இருக்கின்றன. வாடிக்கையாளர் ஜமக்காளம், ஜமுக்காளம், சமுக்காளம் என்று மூன்று விதமாகத் தமிழிலும், அதற்கு மேலும் பல விதமாக ஆங்கில எழுத்திலும் தேடுகிறார். விளம்பரமோ காட்டன் கார்ப்பெட் என்று பேசுகிறது. தமிழில் எழுத உட்காருபவருக்கு உடனே தட்டுப்படுவது இடநெருக்கடி. தலைப்பு ஒவ்வொன்றுக்கும் 30 எழுத்து, விளக்கத்துக்கு 90 எழுத்து என்பது விதி. கணினி நம் மெய்யெழுத்தின் புள்ளியையும் உயிர்மெய்யின் துணைக்குறியையும் தனித்தனி எழுத்தாக எண்ணும். காஞ்சிபுரம் பட்டுப் புடவை என்ற தொடர் நமக்கு 13 எழுத்து, இடைவெளி இரண்டு, கணினிக்கு 25. மிச்சம் இருக்கும் ஐந்தில் விலையையோ தள்ளுபடியையோ சொல்ல முடியாது. எனவே தமிழ்த் தலைப்புகளைச் சுருக்கமாக, ஒன்றில் பொருள், ஒன்றில் விலை, ஒன்றில் ஊர் என்று பிரித்து எழுதுவதே பயன் தருகிறது. ஒரு விளம்பரத்தில் 15 தலைப்புகள் வரை கொடுத்து வைக்கலாம், அவற்றைக் கூகுள் மாற்றி மாற்றிச் சேர்த்துப் பார்க்கும் என்பதால் இது சாத்தியமே.

ஊர்த் தேர்விலும் பலர் கவனிக்காத ஓர் இடம் இருக்கிறது. ஈரோடு என்று தேர்ந்தெடுத்தால் ஈரோட்டில் இருப்பவர்களுக்கு மட்டும்தான் விளம்பரம் போகும் என்று நினைக்கிறோம். இயல்பாக அமைந்திருக்கும் தேர்வு, ஈரோட்டில் இருப்பவர்களோடு ஈரோட்டின்மேல் ஆர்வம் காட்டியவர்களையும் சேர்த்துக்கொள்கிறது. கொடைக்கானலில் விடுதி நடத்துபவருக்கு இது வரப்பிரசாதம், ஏனெனில் அவருடைய வாடிக்கையாளர் தேடும்போது மதுரையிலோ சென்னையிலோதான் இருப்பார். ஈரோட்டில் பல் மருத்துவமனை நடத்துபவருக்கு இது வீண் செலவு. அமைப்பில் ஒரே ஒரு தேர்வை மாற்றினால் தீர்ந்துவிடும் இந்தச் செலவு மாதக்கணக்கில் ஓடிக்கொண்டிருந்த கணக்குகளைப் பார்த்திருக்கிறேன்.

இவை எல்லாவற்றையும்விட முக்கியமானது, எதை வெற்றி என்று எண்ணுகிறோம் என்பது. தொழிலில் இதைக் கன்வர்ஷன் என்பார்கள். இன்றைய கூகுள் விளம்பரங்களில் ஒவ்வொரு ஏலத்துக்கும் எவ்வளவு விலை சொல்வது என்பதைப் பெரும்பாலும் இயந்திரமே முடிவு செய்கிறது. எந்த வகை ஆட்கள் வந்தால் கன்வர்ஷன் நடக்கிறது என்று பழைய விவரங்களிலிருந்து அது கற்றுக்கொள்கிறது. நாம் அதற்கு எதைக் கன்வர்ஷன் என்று சொல்லிக் கொடுத்தோமோ, அதையே அது தேடிப் பிடித்துக் கொண்டுவந்து கொட்டும். சென்னிமலையில் போர்வைகளை மொத்த விலைக்கு விற்கும் ஒருவரின் கணக்கில், இணையப் பக்கத்தில் உள்ள வாட்ஸ்அப் பொத்தானை யார் தொட்டாலும் அது ஒரு கன்வர்ஷன் என்று பதிவாகியிருந்தது. மாதாந்திர அறிக்கை அழகாக இருந்தது. கன்வர்ஷன் ஏறுகிறது, ஒரு கன்வர்ஷனுக்கான செலவு இறங்குகிறது. கடை கைப்பேசியை வாங்கிப் பார்த்தால், ஒரு பீஸ் கிடைக்குமா, டபுள் காட் என்ன விலை, கேஷ் ஆன் டெலிவரி உண்டா என்ற கேள்விகளே வரிசையாக இருந்தன. மொத்த வியாபாரிக்கு அவர்கள் வாடிக்கையாளர்கள் அல்லர். இயந்திரத்தின் மேல் பிழை இல்லை. பொத்தானைத் தொடுபவர்கள் வேண்டும் என்றோம், அது மலிவாகப் பிடித்துக் கொடுத்தது.

அந்தப் பொத்தானுக்கு முன்னால் கைப்பேசி எண்ணையும் எத்தனை உருப்படி வேண்டும் என்பதையும் கேட்கும் இரண்டு வரிப் படிவம் ஒன்றை வைத்தோம். விளம்பரத்தைத் தொட்டு வருபவரின் இணைப்பு முகவரியோடு ஒரு நீளமான க்ளிக் அடையாளக் குறியீடு ஒட்டிக்கொண்டு வரும். படிவத்தோடு அதுவும் சேமிக்கப்படும். கடைக்காரர் உண்மையிலேயே ஆர்டர் கொடுத்தவர்களை மட்டும் குறித்துவைத்து, அந்தக் குறியீடுகளை ஆர்டர் தொகையோடு திரும்பக் கணக்கில் ஏற்றினால், எந்தக் க்ளிக் விற்பனையாக மாறியது என்பதை இயந்திரம் தெரிந்துகொள்ளும். க்ளிக் நடந்து 90 நாட்களுக்குள் ஏற்றிவிட வேண்டும் என்பது மட்டுமே நிபந்தனை. இப்படி மாற்றியவுடன் அறிக்கையில் கன்வர்ஷன் எண்ணிக்கை சரேலென விழும். பல வணிகர்கள் பயந்துபோய்ப் பழைய முறைக்கே திரும்பிவிடச் சொல்வதும் இந்தக் கட்டத்தில்தான். இத்தனை ஏற்பாடு செய்ய வசதியில்லாத கடைகள், விளம்பரத்துக்கென்று தனியாக ஒரு கைப்பேசி எண்ணை வைத்து, அதில் வரும் அழைப்புகளையும் முடிந்த விற்பனையையும் ஒரு நோட்டில் எழுதி வந்தாலே பாதி உண்மை தெரிந்துவிடும். விளம்பரத்தின் வழியாக வரும் அழைப்பு 60 விநாடியைத் தாண்டினால் கன்வர்ஷன் என்று கூகுள் இயல்பாக எண்ணிக்கொள்ளும் என்பதையும் அந்த நோட்டோடு ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. கடைக்கு வழி கேட்டு முடிக்கவே நம் ஊரில் 60 விநாடி போதாது.

மலிவான க்ளிக் நல்ல க்ளிக் என்ற எண்ணமும் இதோடு சேர்ந்ததுதான். ஒரு விளம்பரத்தில் க்ளிக்குக்கு 8 ரூபாய் வீதம் 100 க்ளிக்குக்கு 800 ரூபாய் செலவாகி 2 ஆர்டர் வந்தது என்று வைத்துக்கொள்வோம். ஓர் ஆர்டருக்கு 400 ரூபாய். இன்னொன்றில் க்ளிக்குக்கு 20 ரூபாய் வீதம் 2,000 ரூபாய் செலவாகி 8 ஆர்டர் வந்தால், ஓர் ஆர்டருக்கு 250 ரூபாய்தான். முதலாவதைப் பார்த்து மகிழ்ந்து இரண்டாவதை நிறுத்திவிடும் வணிகர்கள் குறைவானவர்கள் அல்லர். அவர்கள் கையில் கிடைக்கும் அறிக்கையில் க்ளிக் விலைதான் முதல் வரியில் இருக்கிறது.

கடையின் சொந்தப் பெயருக்கே விளம்பரம் கொடுப்பதைப் பற்றியும் ஒரு வார்த்தை. பெயரைச் சொல்லித் தேடுபவர் எப்படியும் நம் கடைக்கு வரப்போகிறவர்தான். ஈபே என்ற இணைய விற்பனை நிறுவனத்தில் பணியாற்றிய பொருளியலாளர்கள் 2012-இல் நிறுவனத்தின் பெயர் கொண்ட கீவேர்டுகளுக்கான விளம்பரத்தைச் சில இடங்களில் நிறுத்திச் சோதித்தபோது, விளம்பரம் வழியாக வந்திருக்க வேண்டியவர்களில் ஏறத்தாழ எல்லோருமே அதன் கீழே இருந்த சாதாரணத் தேடல் முடிவு வழியாகக் காசு செலவின்றி வந்து சேர்ந்தனர். இதை அப்படியே எல்லாக் கடைகளுக்கும் பொருத்திவிடவும் முடியாது. போட்டியாளர் நம் பெயரைக் கீவேர்டாக வைத்திருந்தால் நிலைமை வேறு. பாரத் மேட்ரிமோனியை நடத்திய சென்னை நிறுவனம் இதே காரணத்துக்காகக் கூகுளையும் போட்டி நிறுவனங்களையும் எதிர்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனதும், 2010-இல் வந்த தீர்ப்பில் திருமணப் பொருத்தம் தேடுவோர் இயல்பாகப் பயன்படுத்தும் பொதுவான சொற்களைப் பற்றி நீதிமன்றம் விரிவாக ஆராய்ந்ததும் இத்துறையில் இருப்போர் அறிந்தவை. சிறுகடைக்காரர் வழக்குக்கெல்லாம் போக வேண்டியதில்லை. இரண்டு வாரம் தம் பெயருக்கான விளம்பரத்தை நிறுத்திவைத்து, மொத்த ஆர்டர் குறைகிறதா என்று பார்த்தால் போதும். குறையவில்லை என்றால் அந்தப் பணத்தை ஜமக்காளம் தேடுபவருக்குச் செலவிடலாம்.

க்ளிக் செய்தவர் வந்து இறங்கும் பக்கம் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: அது கடையின் முகப்புப் பக்கமாக இல்லாமல் தேடிய பொருளின் பக்கமாக இருக்க வேண்டும், விலையும் குறைந்தபட்ச ஆர்டர் அளவும் அனுப்பும் செலவும் முதல் திரையிலேயே தெரிய வேண்டும், சாதாரணக் கைப்பேசியில் இரண்டரை விநாடிக்குள் முக்கியப் பகுதி திறந்துவிட வேண்டும். ஜவுளிக்கடைகளின் பக்கங்கள் மெதுவாகத் திறப்பதற்குப் பெரும்பாலும் காரணம், கேமராவில் எடுத்த படங்களைச் சுருக்காமல் அப்படியே ஏற்றிவிடுவதுதான்.

இவ்வளவையும் வணிகர் எப்படிப் பார்ப்பார் என்று கேட்டால், பல நேரங்களில் பார்க்க வழியே இல்லை என்பதுதான் வருத்தமான செய்தி. ஏஜென்சிகள் சில, விளம்பரக் கணக்கைத் தங்கள் பெயரில் தொடங்கி, மாதம் ஒருமுறை வண்ணப் படங்களுடன் ஓர் அறிக்கையை மட்டும் அனுப்புகின்றன. வணிகர் வெளியேற நினைத்தால் பல ஆண்டுகள் சேர்ந்த விவரங்கள் ஏஜென்சியிடமே தங்கிவிடுகின்றன. இயந்திரம் கற்றுக்கொண்டதெல்லாம் அந்தக் கணக்கோடு போய்விட, புதிய கணக்கு அரிச்சுவடியிலிருந்து தொடங்குகிறது. ஏஜென்சிக் கட்டணம் விளம்பரச் செலவில் இத்தனை சதவீதம் என்று இருக்கும்போது, செலவைக் குறைத்துப் பலனைக் கூட்டுவதில் ஏஜென்சிக்கு என்ன அக்கறை இருக்கும்? ஏஜென்சிகள், கூகுள் தங்களுக்குத் தந்த கூகுள் பார்ட்னர் என்ற முத்திரையைக் காட்டுவதையும் அளவோடுதான் எடுத்துக்கொள்ள வேண்டும். அந்த முத்திரைக்கான தகுதிகளில் தேர்ச்சிச் சான்றிதழோடு, 90 நாட்களில் 10,000 டாலர் விளம்பரச் செலவும், கணக்கில் காட்டப்படும் ஆப்டிமைசேஷன் ஸ்கோர் 70 சதவீதம் இருப்பதும் அடங்கும். அந்த ஸ்கோர் கூகுள் தரும் பரிந்துரைகளை ஏற்பதாலோ தள்ளுவதாலோ உயர்வது. பட்ஜெட்டைக் கூட்டுங்கள், பிராட் மேட்சுக்கு மாறுங்கள் என்பவை அப்பரிந்துரைகளில் அடிக்கடி வருபவை. ஸ்கோர் உயர்ந்தால் ஏலத்தில் சலுகை கிடைக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். இரண்டுக்கும் தொடர்பில்லை என்று கூகுளே சொல்கிறது. பரிந்துரைகளைத் தானாகவே ஏற்றுக்கொள்ளும் அமைப்பு நம் கணக்கில் இயக்கப்பட்டிருக்கிறதா என்பதை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. நேர்மையாக உழைக்கும் ஏஜென்சிகள் இல்லாமல் இல்லை. கணக்கை வணிகரின் மின்னஞ்சலில் தொடங்கி, தாங்கள் மேலாளராக மட்டும் இணைந்துகொள்வதே அவர்களை அடையாளம் காட்டும் முதல் செயல்.

கணக்கு வணிகர் பெயரில் இருப்பதால் கிடைக்கும் இன்னொரு பலன், விளம்பரக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி பற்றியது. கணக்கில் கடையின் ஜிஎஸ்டி எண்ணைப் பதிந்திருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது கடை கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, எடுத்துக்கொள்ளலாம். பதியாமல் விட்டு, வரியையும் செலவில் எழுதிவிட்டு, இணைய விளம்பரம் கட்டுப்படியாகவில்லை என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்.

பொறுமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். நாளொன்றுக்கு 500 ரூபாய் என்று வைத்தால் ஒருநாள் 1,000 ரூபாய் வரை கூகுள் செலவழிக்கலாம்; மாதக் கணக்கில் 500-இன் 30.4 மடங்கைத் தாண்டாது. இது தெரியாமல், செலவு கூடிய மறுநாளே பட்ஜெட்டை வெட்டி, அதற்கடுத்த நாள் ஏல விலையை மாற்றி, ஆடித் தள்ளுபடி தொடங்கியதும் எல்லாவற்றையும் திரும்ப மாற்றினால், இயந்திரம் எதையும் கற்று முடிக்காது. ஒரு மாற்றம் செய்தால் இரண்டு வாரமேனும் விட்டுப் பார்க்க வேண்டும். பெரிய கடைகள் எல்லாம் ஏலத்தில் குதிக்கும் ஆடி, தீபாவளி வாரங்களில் சோதனை செய்யக் கூடாது. சோதனைக்கு உகந்தது விற்பனை மந்தமாக இருக்கும் மாதமே.

தமிழ்நாடு அரசின் தொழில்முனைவோர் மேம்பாடு மற்றும் புத்தாக்க நிறுவனம் கிண்டியில் டிஜிட்டல் மார்க்கெட்டிங் பயிற்சிகளை அவ்வப்போது நடத்துகிறது. மாவட்டத் தொழில் மையங்களும் சிறுவணிகர்களுக்குக் கூட்டங்கள் நடத்துகின்றன. விளம்பரக் கணக்கு தொடங்குவது எப்படி என்பதோடு நின்றுவிடாமல், பயிற்சிக்கு வருபவர்கள் தங்கள் சொந்தக் கணக்கைத் திறந்து, கடந்த மாதத்தின் தேடல் சொற்கள் அறிக்கையை வரிவரியாகப் படித்து, நெகட்டிவ் கீவேர்டு பட்டியலைத் தமிழிலும் ஆங்கில எழுத்துத் தமிழிலும் தயாரிக்கும் அரைநாள் வகுப்பு ஒன்றை அவற்றில் சேர்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். கணக்கைத் திறக்க வழியில்லை என்று சொல்பவர்களுக்கு, ஏஜென்சியிடம் நிர்வாகி அனுமதி கேட்டு எழுத வேண்டிய கடிதத்தின் மாதிரி ஒன்றையும் அதே வகுப்பில் கொடுத்து அனுப்பலாம்.

இப்படிக்கு,
தங்கள் நீண்ட நாள் வாசகர்,
ஈரோடு.